என் நுரையீரல் யாருக்கும் சாட்சி சொல்லாது

“என்ன வேலை பாக்குறீங்க?” என்று டாக்டர் ஷர்மிளா கேட்டபோது அவர் கையில் சின்னக் கத்தி இருந்தது. என் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். அக்குளுக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. பேச்சுக் கொடுத்து என் கவனத்தைத் திருப்பத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும், பதில் என்னைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

“யோகா டீச்சர்.”

திரைக்கு அந்தப் பக்கம் நின்ற என் அண்ணன் சாமுவேல் காதில் அது விழுந்துவிட்டது. “ஏய் எஸ்தரு, டாக்டர்கிட்ட பொய் சொல்லாதடி! டாக்டர், அவ சுபாங் ஜெயாவுல ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் கால் எடுக்குறா. யோகா எல்லாம் சும்மா, சனி ஞாயிறுல.”

“அங்கிள், கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

“அங்கிளா?” என்று முனகிக்கொண்டே அண்ணன் போனான். வயது முப்பதுதான். போர்ட்டில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓட்டி வயிறு மட்டும் ஐம்பதைத் தொட்டிருந்தது.

அவன் சொன்னதுதான் உண்மை. பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து மாதங்கள் ஆகியும், ‘நான் யோகா டீச்சராகப் போகிறேன்’ என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ‘சும்மா ஒரு கோர்ஸ்’ என்றுதான் சொல்லி வந்தேன். ஆபீசில் அப்படித்தான், சபையிலும் அப்படித்தான், பண்டமாரான் வீட்டிலும் அப்படித்தான். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால், சும்மாதானே என்று விட்டுவிடலாம் பாருங்கள். விலாவுக்குள் குழாய் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே அது விளங்கியது. இது சும்மா இல்லை. இதுதான் என் வேலை. இனிமேல் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன்.

நேரம் பார்த்து வந்த ஞானோதயம்! ஒரு நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது, மூச்சையே விட முடியவில்லை. மூச்சுச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு ஆசை.

இதை எழுதக் காரணம் உண்டு. எனக்கு நடந்ததை ஆளாளுக்கு ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தவளும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. கூடவே, என்னைப் போல வலியைப் பொறுத்துக்கொள்வதே பயிற்சி என்று நினைக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு கிளினிக்குப் போனால் அதுவும் லாபம்.

பயிற்சி ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது. கீழே மாலை கட்டும் கடை. பக்கத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால், பதினோரு மணிக்கு மேல் மீன் பொரிக்கும் வாசனை வந்து எல்லோருடைய ஞானத்தையும் கலைத்துவிடும். முதல் நாள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, எந்த வழியாக யோகாவுக்கு வந்து சேர்ந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். விமானப் பணிப்பெண்ணாக இருந்து முதுகு போனவர் ஒருவர். பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பேங்க் வேலையை விட்டவர் ஒருவர். பிள்ளை பிறந்த பிறகு காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் அழுதவர் ஒருவர். மேருவில் பள்ளி வேன் ஓட்டும் வள்ளி அக்கா, முட்டி வலியால் படியேற முடியாமல் இருந்து யோகாவால் எழுந்து நடந்தவர். டிஷ்யூப் பெட்டி கை மாறிக்கொண்டே வந்தது. என்னிடம் வந்து நின்றது.

“எனக்கு நல்லா வருது மேடம். பிடிச்சிருக்கு. அதான் வந்தேன்.”

டிஷ்யூ எடுக்காமலே பெட்டியை அடுத்தவரிடம் தள்ளினேன். பயிற்சியை நடத்தும் இந்திரா மேடம் என் தோளைத் தட்டினார். “பரவால்லம்மா. ஒன் கதை இன்னும் வரல. வரும்.”

அது எனக்கு உறுத்தியது. பிறகு கவனித்துப் பார்த்தேன். யோகா ஆசிரியர்கள் தங்களைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் தேடிப் படித்தேன். நொந்தேன், யோகாவுக்கு வந்தேன், மீண்டேன். எல்லாம் இதே வரிசை. உடைந்தவர்களுக்குத்தான் நுழைவுச்சீட்டு போல. கணக்கு வாத்தியாரிடம் யாரும் ‘எந்த விபத்துக்குப் பிறகு அல்ஜீப்ராவுக்கு வந்தீர்கள்’ என்று கேட்பதில்லையே! ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை பிடித்துப்போய், நன்றாகவும் வந்து, அதையே செய்கிறேன் என்றால் போதாதா?

வலி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. யோகா செய்துகொண்டிருந்தபோது வரவில்லை. இதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாலும் போடுவேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். மேலே கைப்பிடியைப் பிடித்து நின்று, போனில் யாரோ கேக் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள்பட்டைக்குப் பின்னால் ஊசி குத்தியதுபோல் ஒன்று. அப்புறம் மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

வகுப்பில் இந்திரா மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி என் முதுகில் கை வைத்துப் பார்த்தார். “இங்க ஏதோ அடைச்சிருக்கு. இறுக்கமா இருக்கு பாரு. வலிக்குற எடத்துக்கே மூச்ச அனுப்பு.”

நான் நல்ல மாணவி. அனுப்பினேன். வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாகக் காற்றை வெளியே தள்ளும் கபாலபாதியை அன்று முழுக்க எல்லோரோடும் செய்தேன். வலி கூடியது. கூடினால் அடைப்பு திறக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்ப் பாட்டுப் பாட முடியாமல் வாயை மட்டும் அசைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் அனுப்பினேன். யோகா தெரியாதவளாக இருந்திருந்தால் முதல் நாளே கிளினிக்குப் போயிருப்பேன். வலியைப் பார்த்துப் பயப்படாதே, அதோடு இரு என்று கற்றுக்கொண்டவள்தான், காற்று ஒழுகும் நுரையீரலை இரண்டு நாள் துருத்தியாக ஊதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வீட்டு வாசலில் ஷூ போடக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டான். “மூஞ்சி என்ன இப்படி வெளுத்துக் கெடக்கு? ஏறு கார்ல.” பண்டமாரான் கிளினிக் டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வலது பக்கம் கேட்டார், இடது பக்கம் கேட்டார், மறுபடி இடது பக்கம் கேட்டார். “இந்தப் பக்கம் சத்தமே இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய் பேக் எடுக்குற வேலை எல்லாம் வேணாம்.” வழியெல்லாம் அண்ணன் லோரி ஓட்டுகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் என் வலது நுரையீரல் நன்றாக விரிந்து கிடந்தது. இடது பக்கம் வெறும் கறுப்பு. நடுவில், கசக்கிப் போட்ட துணி மாதிரி ஒன்று சுருண்டிருந்தது. அதுதான் என் இடது நுரையீரல்.

டாக்டர் ஷர்மிளா பெயரைச் சொன்னார்: நியூமோதோராக்ஸ். என் முழியைப் பார்த்துவிட்டு விளக்கினார். “ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள பலூன் இருக்குற மாதிரி வச்சுக்குங்க. டின்னு ஒங்க விலாக்கூடு. பலூன் நுரையீரல். பலூன்ல ஒரு சின்னப் பொத்தல். அது வழியா வர்ற காத்து டின்னுக்குள்ள மாட்டிக்கிச்சு. அது அமுக்குறதால பலூன் விரிய மாட்டேங்குது. நாங்க டின்னுல ஒரு குழாய் போட்டு அந்தக் காத்த வெளிய விடுறோம். பலூன் விரியும். பொத்தல் பெரும்பாலும் தானா மூடிக்கும்.”

“மூடலன்னா?”

“ஆபரேஷன். அத அப்போ பாக்கலாம்.”

“யோகாவாலயா டாக்டர்?”

“ஒயரமா ஒல்லியா இருக்கவங்களுக்கு நுரையீரல் மேல சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கும். அது சும்மா இருக்கும்போதே ஒடையும். பசங்களுக்குத்தான் அதிகம் வரும், நீங்க நடுவுல பூந்துட்டீங்க.” பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஒடைஞ்சதுக்கு நீங்க காரணம் இல்ல. ஒடைஞ்சத வச்சுக்கிட்டு ரெண்டு நாள் ஊதுனீங்க பாருங்க, அது முட்டாள்தனம்.”

எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

குழாய் போடுவது வலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: வலிக்கும். ஊசி தோலைத்தான் மரக்கச் செய்கிறது. உள்ளே ஒருவர் முழங்கையால் இடித்து வழி பண்ணிக்கொண்டு நுழைவதுபோல் இருக்கும். ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். அடுத்த மூச்சு, அம்மாடி, அது வேறு மூச்சு.

குழாயின் மறுமுனை தரையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருந்தது. காற்று தண்ணீர் வழியே வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. அவ்வளவுதான் சூத்திரம். நான் இருமினால் பாட்டிலில் குமிழி வரும். குமிழி வரும்வரை பொத்தல் மூடவில்லை என்று அர்த்தம். பாட்டிலை மார்புக்கு மேலே தூக்கக் கூடாது. ஆக நான் எங்கே போனாலும் அது கைப்பை மாதிரி கூடவே தாழ வந்தது. பாத்ரூமுக்கு வந்தது. எக்ஸ்ரே எடுக்கச் சக்கர நாற்காலியில் வரிசையில் காத்திருந்தபோது என் காலடியில் உட்கார்ந்திருந்தது. அந்த நடைபாதையில் காத்திருப்பவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலைத்தான் பார்த்தார்கள். நானும்தான். காலையில் கண் விழித்ததும் இருமிப் பார்ப்பேன். குமிழி. மதியம் இருமுவேன். குமிழி. ஜெபத்தில்கூட நான் கேட்டது அதைத்தான்: ஆண்டவரே, குமிழியை நிறுத்தும்.

ஆபரேஷன் என்றால் பிரைவேட்டுக்குப் போய்விடலாமா என்று அண்ணன் ஒரு தடவை கேட்டான். “காசு நான் பாத்துக்குறேன்லா” என்று அவன் சொன்ன வேகத்திலேயே அவனிடம் காசு இல்லை என்பது தெரிந்தது. “நீ மொதல்ல ஒன் தொப்பையப் பாத்துக்க,” என்றேன். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அம்மா தினமும் வந்தார். அம்மா வாயில் ‘யோகா’ என்ற சொல் ஒருபோதும் வந்ததில்லை, ‘எக்சர்சைஸ் கிளாஸ்’தான். ஆஸ்பத்திரியிலும் நோயைப் பற்றிப் பேசவில்லை. பிளாஸ்க்கில் ரசம் கொண்டுவருவார், ஊற்றிக் கொடுப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரி உடுப்பில் குழாய் இழுபட்டு வலிப்பதைப் பார்த்தவர், மறுநாள் என் பழைய நைட்டியைக் கொண்டுவந்தார். இடது பக்கத் தையலை அக்குளிலிருந்து இடுப்புவரை பிரித்து, ஓரம் அடித்து, வரிசையாக அழுத்து பட்டன் தைத்திருந்தார். குழாய் வரும் இடத்தில் மட்டும் பட்டன் இல்லை. வார்டு நர்ஸுகளான மிஸ்ஸிமார் இரண்டு பேர் வந்து அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். “ஆன்டி, வார்டு முழுக்கத் தைச்சுக் குடுங்க” என்றாள் ஒருத்தி. அம்மா முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு.

பக்கத்துக் கட்டிலில் பத்மா ஆன்டி. வருஷக்கணக்காக மூச்சிரைப்பு. கட்டிலின் காலடியிலிருந்து தலைமாட்டுக்கு நகர்ந்தாலே நெஞ்சு ஏறி இறங்கும். என்னைப் பற்றி மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள் போல. “யோகா டீச்சராமே நீ? எனக்கும் ஏதாச்சும் சொல்லிக் குடேன்மா. பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள உயிர் போவுது.”

என் முதல் மாணவி! நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஆன்டி, மூச்ச நல்லா ஆழமா இழுத்து...” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஆழமாக இழுத்தால் அவர் நுரையீரலுக்குள் என்ன நடக்கும்? தெரியாது. அத்தனை மாதப் பயிற்சியில் மூச்சை எங்கெங்கோ அனுப்பக் கற்றுக்கொண்டேன். முதுகுத்தண்டுக்கு, நெற்றிக்கு, பாதத்துக்கு. அது உண்மையில் போகும் ஒரே இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“நாளைக்குச் சொல்றேன் ஆன்டி.”

“டீச்சருக்கே ஹோம்வொர்க்கா?” என்றார் அவர்.

மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்டை விடவில்லை. கேட்டுக் கேட்டு அவளைச் சிரிக்க வைத்துவிட்டேன். பத்மா ஆன்டிக்குக் காற்று உள்ளே போவது பெரிய சிக்கல் இல்லையாம். பழைய காற்று வெளியே வராமல் தேங்கிவிடுகிறது. புதியதற்கு இடம் இல்லை. அவரிடம் போய் ‘ஆழமாக இழுங்கள்’ என்பது, நிறைந்த பஸ்ஸில் இன்னும் பத்துப் பேரை ஏற்றுவது மாதிரி. முதலில் இறக்க வேண்டும். சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விட வேண்டும். இரைத்தால் படுக்கக் கூடாது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு யோகா வகுப்பும் எந்த வார்த்தையில் ஆரம்பிக்குமோ, அதே வார்த்தையை அவரிடம் சொல்ல இருந்தேன். ஆனால் அதே நேரம் ஒரு குதூகலம். இன்னும் எவ்வளவு கற்றுக்கொள்ள இருக்கிறது!

நானும் ஆன்டியும் சேர்ந்து ஊதினோம். இல்லாத காப்பியை ஊதினோம். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு நோய் அப்படியேதான் இருந்தது. பாத்ரூம் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊதிவிட்டு, முன்பு போல் பயந்து கூப்பிடாமல் தானே திரும்பி வந்தார். “காப்பி ஆறிப்போச்சு டீச்சர்,” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். எனக்கு அது போதும்.

அந்த மாலையே ஞானம் ஆன்டி வந்தார். எங்கள் சபையில் மாதர் சங்கத்தை நடத்துபவர். ஆரஞ்சு, பிஸ்கட், ஒரு நீண்ட ஜெபம். ஆமென் சொன்ன கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாரு எஸ்தர், கர்த்தர் எச்சரிச்சிருக்கார். அந்த யோகாதான் இது. நம்ம பிள்ளைங்களுக்கு அது ஆகாது. நீ வெளிய வந்ததும் மாதர் ஞாயிறு அன்னிக்கு மேல வந்து சாட்சி சொல்லணும். எத்தன வாலிபப் பிள்ளைங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும் தெரியுமா?”

“ஆன்டி, டாக்டர் யோகாவால வரலன்னு சொன்னாங்க.”

“டாக்டருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்மா.”

அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தார். ஞானம் ஆன்டி போன பிறகு, சுளைகளை நார் எடுத்து நீட்டினார். அம்மாவும் அதைத்தான் நம்புகிறார் என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் இந்திரா மேடமும் வள்ளி அக்காவும் வந்தார்கள். இந்திரா மேடம் உண்மையிலேயே கலங்கியிருந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து என் பாதத்தைத் தடவிக்கொண்டே பேசினார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சொந்தக் கையால் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா. இப்ப ஒனக்கு ஒரு கதை கெடச்சிருக்கு. நுரையீரல் சுருங்கியும் மூச்சுப் பயிற்சியால தாங்கி நின்ன பொண்ணு. புது பேட்ச் ஓப்பன் டே வருது. நீ வந்து அஞ்சு நிமிஷம் பேசு, வீடியோ எடுத்துக்குறோம். கடைசிப் பரீட்சைய நெனச்சுக் கவலப்படாத. தலைகீழா நிக்குறது, மூச்ச அடக்குறது எதுவும் நீ செஞ்சு காட்ட வேணாம். இந்த பேட்ச்லயே சர்ட்டிபிகேட் குடுத்துடுறேன்.”

நான் பாட்டிலைப் பார்த்தேன். சர்ட்டிபிகேட்! அது இல்லாமல் எந்த ஸ்டூடியோவும் உள்ளே விடாது. ஐந்து நிமிடம் பேசினால் போதும். நான் டாக்டரிடம் சொன்ன பொய், பொய்யாக இல்லாமல் போய்விடும்.

“யோசிச்சுச் சொல்றேன் மேடம்.”

இந்திரா மேடம் கீழே காரை எடுக்கப் போனார். வள்ளி அக்கா ஒரு நிமிடம் பின்தங்கினார். திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏய், என் முட்டிக் கதை பாதிதான் நெசம். யோகா செஞ்சேன், இல்லங்கல. ஊசியும் போட்டேன். பிசியோவுக்கும் போனேன். எட கொறச்சேன். அன்னிக்கு வட்டத்துல அதெல்லாம் சொல்லல. டிஷ்யூ பெட்டி வருது, எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க, யோகான்னு மட்டும் சொல்லிட்டேன். இப்ப வெப்சைட்ல என் படத்தோட அது இருக்கு. என் தெருவுல ஒரு ஆளு அதப் படிச்சுட்டு முட்டி டாக்டர்கிட்ட போறத நிறுத்திட்டாரு. அப்புறம் நானே கூட்டிட்டுப் போனேன்.” வேகமாக என் நெற்றியில் கை வைத்து எடுத்தார். “நீ என்ன வேணா செய். நான் சொன்னதா சொல்லாத.”

(அக்காவிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். “எழுது. நானும் வெப்சைட்ல மாத்தச் சொல்லிட்டேன்” என்றார்.)

படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒருவர் யோகாவால் விழுந்தேன் என்று சொல்லச் சொல்கிறார். இன்னொருவர் யோகாவால் எழுந்தேன் என்று சொல்லச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் என்மேல் அன்பு. இரண்டு பேருக்கும் தேவை என் பொத்தல் விழுந்த நுரையீரல். அது உடைந்தது யோகாவால் இல்லை. அது விரிந்தது யோகாவாலும் இல்லை, குழாயால். விறுவிறுப்பில்லாத இந்த உண்மையை மேடையில் சொன்னால் யாரும் ஆமென் சொல்ல மாட்டார்கள், கைதட்டவும் மாட்டார்கள். எனக்கு விசுவாசமும் உண்டு, யோகாவும் பிடிக்கும். இரண்டையும் பொய்யில் நிறுத்த வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அதன் பிறகு ஒரு காலையில் இருமினேன். குமிழி இல்லை. பலமாக இருமினேன். இல்லை. “ஆன்டி!” என்று கத்தினேன். பத்மா ஆன்டி பயந்து மிஸ்ஸியைக் கூப்பிட்டுவிட்டார். எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் சுவரோரம்வரை விரிந்திருந்தது. அம்மா அந்தப் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எதுவும் புரியாமலே நெடுநேரம் பார்த்தார்.

குழாயை எடுக்க டாக்டர் ஷர்மிளா வந்தார். “நான் சொன்னதும் மூச்ச இழுத்து அப்படியே அடக்கிப் பிடிக்கணும். விடக் கூடாது.”

“டாக்டர், இதுக்குப் பேரு கும்பகம். இதத்தான் செய்யக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னீங்க.”

“இன்னிக்கு ஒரு தடவ மட்டும் பர்மிஷன். பிடிங்க.”

பிடித்தேன். உருவினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். முடிந்தது.

“இனிமே?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ வந்தது திரும்ப வரலாம். வலி, மூச்சுத் திணறல் வந்தா எதுக்கும் எங்கயும் மூச்ச அனுப்பாதீங்க, இங்க வாங்க. பிளைட் இப்போதைக்கு வேணாம். கடலுக்கு அடியில முங்குற ஆசை இருந்தா மறந்துடுங்க. மூச்ச அடக்குறது, தலைகீழா நிக்குறது, பலமா முக்குறது, எதுவும் நான் சொல்ற வரைக்கும் கூடாது. மத்தபடி நடங்க, கைய காலை அசைங்க, சாப்பிடுங்க.”

“யோகா டீச்சராகலாமா?”

“தலைகீழா நிக்காத டீச்சர் இருக்காங்களா?”

“இனிமே இருப்பாங்க.”

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஞானம் ஆன்டிக்குப் போன் செய்தேன். நான் சாட்சி சொல்லத் தயார், டாக்டர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். போனை வைத்தபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நல்லதாப் போச்சு,” என்றார். எது நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மீன் தலைக் கறி வைத்தார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸுக்கு நேரிலேயே போனேன். படியை மெதுவாக ஏறினேன். ஓப்பன் டேயில் பேச மாட்டேன் என்று சொன்னேன். இந்திரா மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“அன்னிக்கு மூச்ச அனுப்புன்னு சொன்னேனே, அதுக்குக் கோவமா?”

“கோவம் இல்ல மேடம். அடுத்த பேட்ச்ல யாராவது அப்படி வந்து சொன்னா கிளினிக்குப் போன்னு சொல்லுங்க. அது போதும்.”

“சொல்றேன்,” என்றார். “ஆனா பரீட்சை பரீட்சைதான். எல்லாரும் செய்யுறத நீ செய்யாம நான் எப்படிப் பாஸ் போடுறது? இங்க தலைகீழா நிக்காம ஒருத்தரும் பாஸானதில்ல.”

“நான் நிக்க மாட்டேன். பாடம் நடத்துறேன். ஒரு மணி நேரம் முழுசா. மாணவர்கள நானே கூட்டிட்டு வரேன். நீங்க வந்து ஒக்காந்து பாருங்க. சரியில்லன்னா ஃபெயில் போடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “திமிருடி ஒனக்கு.” வருவதாக ஒத்துக்கொண்டார். பாஸ் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு எங்கே போவது? அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “நிமிர்ந்து நிக்குற யோகாவா? அதுக்கு எதுக்கு டீச்சர்?” தட்டைக் கழுவிவிட்டு வந்தவன் சிரிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். “எங்க பசங்களுக்கு எல்லாம் இடுப்பு போச்சு. போர்ட் கேட்டுக்கு வெளிய வரிசையில மணிக்கணக்கா ஒக்காந்திருக்கோம். எறங்கிக் காலை நீட்டலாம்னா முன்னால வண்டி நகந்துடும். லோரிக்குள்ளயே ஒக்காந்து செய்யுற மாதிரி ஏதாச்சும் இருக்கா? இருந்தா கூட்டிட்டு வரேன். பாய் விரிக்கச் சொன்னா, ஒருத்தனும் வர மாட்டான்.”

என்னிடம் இருக்கும் புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டேன். நாற்காலி ஆசனங்கள் உண்டு. ஆபீஸ் நாற்காலிக்கு, வயதானவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு. லோரி இருக்கைக்கு இல்லை. அங்கே ஸ்டீயரிங் முட்டும். கால் பெடலை விட்டு விலகக் கூடாது. கண்ணை மூட முடியாது. நீட்டி மடக்கி நிலைத்து நிற்கவும் கூடாது, ஏனென்றால் எந்த நிமிடமும் வரிசை நகரும், பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிப்பான்.

சனிக்கிழமை அண்ணனோடு வண்டியில் ஏறப் போகிறேன். வலது பக்கம் அவன், இடது பக்கம் நான், அப்புறம் இடம் மாறி உட்கார்ந்து பார்ப்பேன். எந்தப் பழைய நூலிலும் இல்லாத ஒன்றை அங்கே தேட வேண்டும்: வண்டி நகர்ந்தால் அந்த நொடியே விட்டுவிடக்கூடிய ஓர் ஆசனம்.